விடுதலைப் பத்திரத்தில் தேட வேண்டிய ஒரு நீதிபதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் நாட்டின் முன்னோடிப் பெண் நீதிபதிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1959-ல் கேரள உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த அன்னா சாண்டி, 1989-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பாத்திமா பீவி என்று வரிசையாக எழுதியிருந்தீர்கள். லீலா சேத் அம்மையாருக்குக் கிடைத்தது இரண்டே வரி. 1991-ல் இமாச்சலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில், நாட்டிலேயே முதல் பெண் தலைமை நீதிபதி ஆனார். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாயார். இரண்டும் சரிதான். ஆனால் முசிறி வட்டாரத்தில் 40 வருஷம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். அந்த அம்மையாரின் உழைப்பு கலந்த, மகள்களின் சொத்துரிமைச் சட்டம் ஒன்று வந்த நாளிலிருந்து, நான் எழுதும் பத்திரத்தின் பங்குக் கணக்கே மாறியது. அதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் தொடங்கியது என் மகள் வயிற்றுப் பேத்தியால். சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். பெண் நீதிபதி ஒருவர் பெண்ணுரிமைச் சட்டத்தில் உண்டாக்கிய மாற்றம் என்ன என்று ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். லீலா சேத்தை எடுத்துக்கொண்டாள். டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, "தாத்தா, வரி வழக்கும் சிவில் வழக்குமா வருது. நான் தேடுறது அதிகம் கிடைக்கல. ஆளை மாத்திடவா?" என்றாள். தீர்ப்பை விட்டுவிட்டு, பதவியை விட்டு இறங்கிய பிறகு என்ன செய்தார் என்று பாரம்மா என்றேன். அவர் 1992-ல் ஓய்வு பெற்றார். 1997 முதல் 2000 வரை, சட்டங்களில் என்ன மாற்றம் வேண்டும் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரைக்கும் 15-வது சட்ட ஆணையத்தில் உறுப்பினராக இருந்தார். அந்த ஆணையம் 2000-ம் வருஷம் மே மாதம் கொடுத்த 174-வது அறிக்கைதான் இந்துப் பெண்களின் சொத்துரிமையைப் பற்றியது.

அந்த அறிக்கையைப் பேத்தி இறக்கி, சாயங்காலம் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னாள். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. சட்டம் மட்டும் கைப்பழக்கத்தில் தெரியும். அவள் சொல்லச் சொல்ல, நான் எழுதிய ஒவ்வொரு பத்திரமும் கண்முன் வந்து நின்றது. முதலில் வந்தது என் அக்காவின் பத்திரம்.

எங்களுக்குக் காவிரிக் கரையில் பூர்வீக நஞ்சை நாலரை ஏக்கர். அம்மா முதலில் போய்விட்டாள். அப்பா 1990-ல் காலமானார். நான், தம்பி, எங்களுக்கு மூத்தவள் அக்கா. அக்காவுக்கு 1979-லேயே கல்யாணம். முன்பே கல்யாணம் ஆன மகளுக்கு அன்றைய சட்டப்படி பூர்வீகச் சொத்தில் பிறப்பால் உரிமை இல்லை. அப்பா சாகும் நிமிஷத்தில் அப்பாவும் இரண்டு மகன்களும் சொத்தைப் பிரித்துக்கொண்டதாகப் பாவிக்க வேண்டும். ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். அதில் அப்பாவின் ஒன்றரையை மட்டும் மூன்று பிள்ளைகளும் சமமாகப் பிரிக்கலாம். ஆக அக்காவுக்கு 9-ல் 1 பாகம். 50 சென்ட். எங்கள் இருவருக்கும் ஆளுக்கு 2 ஏக்கர். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குச் சட்டம் போட்ட கணக்கு இது.

அந்த 50 சென்ட்டையும் நாங்கள் விடவில்லை. 1991-ல் அக்காவிடம் விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் பத்திரம், வாங்கினோம். எழுதியது நான். முத்திரைத்தாளில் என் கையெழுத்தில் எழுதிய வாசகம் இன்னும் மனப்பாடம்: "எனது திருமண காலத்தில் எனக்குச் செய்ய வேண்டிய சீர்வரிசைகளும் நகைகளும் குறைவறச் செய்துவிட்டபடியாலும், இன்று ரொக்கம் ரூபாய் 2,000 பெற்றுக்கொண்டபடியாலும், மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியங்களையும் மனப்பூர்வமாக விடுதலை செய்து கொடுத்திருக்கிறேன். இனி எனக்கும் மேற்படி சொத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை." பத்திர ஆபீஸ் வேப்பமரத்தடியில் அக்கா அதைக் கையில் வாங்கினாள். அஞ்சாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, எனக்கு எவ்வளவுன்னு இதுல எங்கடா எழுதியிருக்கு?" என்று கேட்டாள். "உனக்கு வரவேண்டியது எல்லாம்னு எழுதியிருக்குக்கா" என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. "எனக்கு எதுக்குடா நிலம். பொறந்த வீட்டு வாசல் அடையாம இருந்தா போதும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்தோம்.

அந்த ஒரு வாக்கியம், பிறந்த வீட்டு வாசல் அடையக் கூடாது என்பது, நூறு பெண்கள் வாயில் நான் கேட்டது. புருஷன் வீட்டில் ஒரு சொல் என்றால் வந்து நிற்க ஓர் இடம், பிள்ளைக்குக் காது குத்தினால் மடியில் வைத்துக்கொள்ள ஒரு தாய்மாமன், செத்தால் கோடி போட ஓர் ஆள். இதற்கு விலையாகத்தான் எங்கள் பக்கத்துப் பெண்கள் நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். எழுதி வாங்கியவர்களுக்கும் அது தெரியும்.

இடையில் தமிழ்நாடு செய்ததையும் சொல்ல வேண்டும். மத்தியில் யோசிக்கத் தொடங்கும் முன்பே இங்கே சட்டம் வந்துவிட்டது. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் போட்டது. அறுபது வருஷம் கழித்துக் கலைஞர் ஆட்சியில் அது சட்டமானது. 1989 மார்ச் 25 முதல் மகளும் பிறப்பாலேயே கூட்டுப் பங்குதாரர். ஆந்திரம் 1986-லேயே செய்திருந்தது. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் பின்னால் வந்தன. கேரளம் 1975-ல் கூட்டுக்குடும்ப முறையையே எடுத்துவிட்டது.

ஆனால் நம் சட்டத்தில் ஒரு சுவர் இருந்தது. 1989 மார்ச் 25-க்கு முன்பே கல்யாணம் ஆன பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. அதனால் எங்கள் தொழிலில் புதிதாக ஓர் ஆவணம் சேர்ந்துகொண்டது: கல்யாணப் பத்திரிகை. பாகப்பிரிவினைக்கு வருகிறவர்களிடம் மூலப்பத்திரம், வில்லங்கம், வாரிசுச் சான்று கேட்பதோடு, "தங்கச்சிக்கு எந்த வருஷம் எந்த மாசம் கல்யாணம்? பத்திரிகை இருக்கா?" என்றும் கேட்போம். மஞ்சள் தடவி, பெட்டிக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்த பத்திரிகைகளை எடுத்துவருவார்கள்.

1994-ல் ஒரு குடும்பம் வந்தது. அண்ணன் ஒருவர், தங்கைகள் இருவர். மூத்த தங்கைக்கு 1989 தை மாதம் கல்யாணம். இளையவளுக்கு அதே வருஷம் ஆவணி. இரண்டு பத்திரிகையையும் மேஜைமேல் அருகருகே வைத்தார்கள். ஒரே அச்சகம், ஒரே பிள்ளையார் படம், ஒரே தகப்பனார் பெயர். ஏழு மாத வித்தியாசம். இளையவளுக்கு அண்ணனோடு சமபங்கு உண்டு. மூத்தவளுக்கு அப்பாவின் பங்கிலிருந்து கிள்ளிக் கொடுப்பது மட்டும்தான். நான் விளக்கிச் சொன்னபோது மூத்தவள் யாரையும் திட்டவில்லை. தன் பத்திரிகையை எடுத்து மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். "நான் முதல்ல பொறந்தது தப்பாங்க?" என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் இருந்தது.

இப்போது லீலா சேத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றிப் பேத்தி சேகரித்ததில் என்னைத் தொட்டது, அவர் படித்து வந்த வழி. 1930-ல் லக்னோவில் பிறந்தவர். 11 வயதில் தகப்பனாரை இழந்தவர். வீட்டில் பணக் கஷ்டம். ஆனாலும் தாயார் படிப்பை நிறுத்தவில்லை. முதல் வேலை கல்கத்தாவில் சுருக்கெழுத்தர். சொல்கிறவர் சொல்ல, எழுதுகிறவர் எழுத வேண்டும். என் தொழிலும் ஏறக்குறைய அதுதான் என்பதால் எனக்கு அவர் நெருங்கிய மனுஷியாகிவிட்டார். கணவருடன் லண்டன் போனார். சட்டம் படிக்கப் போனதற்குக் காரணம், அந்தப் படிப்பில் வகுப்புக்குத் தினமும் போக வேண்டிய கட்டாயம் இல்லை, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு படிக்கலாம் என்பதுதான். 1958-ல், 27 வயதில், வக்கீல் ஆவதற்கான லண்டன் பார் தேர்வில் முதலிடம். அப்போது இரண்டாவது பிள்ளை பிறந்து சில மாதமே ஆகியிருந்தது.

ஊர் திரும்பி, ஜூனியராகச் சேர்த்துக்கொள்ளும்படி கல்கத்தாவில் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் போனார். அந்தச் சந்திப்பைத் தன்வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். வக்கீல் தொழில் எதற்கு, போய்க் கல்யாணம் செய்துகொள் என்றாராம் அவர். ஆகிவிட்டது என்றார் இவர். அப்படியானால் ஒரு குழந்தை பெற்றுக்கொள். இருக்கிறது. ஒற்றைக் குழந்தை தனியாக வளரக் கூடாது, இன்னொன்று பெற்றுக்கொள். இரண்டு இருக்கிறது. அதற்குப் பிறகுதான், நீ விடாப்பிடிக்காரி, இந்தத் தொழிலில் நிலைப்பாய், வந்து சேர் என்றாராம். பிறகு பாட்னா உயர் நீதிமன்றத்தில் பத்து வருஷம், அப்புறம் டெல்லி. 1978-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி.

174-வது அறிக்கை அவர் ஒருவரே எழுதியது என்று நான் சொல்லவில்லை. ஆணையத்தின் தலைவர் நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி. பெண்கள் அமைப்புகள் வருஷக்கணக்காகக் குரல் கொடுத்து வந்தன. ஆனாலும் மகள்களின் பூர்வீகச் சொத்துரிமைக்காக அந்த ஆணையத்தில் லீலா சேத் எடுத்த முயற்சி பலரும் அறிந்தது. அரசு கேட்டு எழுதிய அறிக்கையும் இல்லை இது. ஆணையம் தானாகவே கையில் எடுத்தது. மகள் என்பதற்காகவே பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை இல்லை என்பது அரசியல் சாசனம் தரும் சமத்துவத்துக்கு விரோதம் என்று சொன்னது. மகனுக்குப் போல மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை வேண்டும் என்றது. முன்னோடியாக எடுத்துக் காட்டியவற்றில் நம் தமிழ்நாட்டுச் சட்டமும் உண்டு. பேத்தி அந்தப் பக்கத்துக்கு வந்தபோது, நாங்கள் கல்யாணப் பத்திரிகை கேட்ட காலம் அத்தனையும் எனக்கு நினைவு வந்தது.

இன்னொரு பரிந்துரையும் உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-வது பிரிவு. தகப்பன் வீட்டில் மகளுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரிக்க நினைக்கும்வரை அவள் பிரித்துக் கேட்கக் கூடாது. குடியிருக்கலாம், அதுவும் கல்யாணம் ஆகாதவளாக, கைவிடப்பட்டவளாக, பிரிந்து வந்தவளாக, விதவையாக இருந்தால் மட்டும். தாலி அறுத்து வந்த பெண்ணைப் பின்கட்டில் ஒரு சாய்ப்பில் இருக்கவிட்டு, "வீட்டைப் பிரிக்கிற எண்ணம் இல்லை" என்று அண்ணன்மார் சொல்லிவிட்டால், அவள் காலம் அந்தச் சாய்ப்பிலேயே முடியும். அப்படி முடிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பிரிவையே எடுத்துவிடச் சொன்னது அந்த அறிக்கை.

2004 டிசம்பர் 20-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா மாநிலங்களவைக்கு வந்தது. 2005 செப்டம்பர் 9-ல் சட்டம் நடப்புக்கு வந்தது. மகள் பிறப்பால் பங்குதாரர். 23-வது பிரிவு போயிற்று. மறுமணம் செய்துகொண்ட சில விதவைகளின் உரிமையைப் பறித்த 24-வது பிரிவும் போயிற்று. கல்யாணத் தேதி என்ற சுவர் இல்லை. அன்றோடு என் மேஜையில் கல்யாணப் பத்திரிகைக்கு வேலை இல்லாமல் போயிற்று. அந்தத் தை மாதத்துப் பெண்ணின் குடும்பத்தில் 1994-லேயே பதிவான பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் டிக்ரியாலோ முடிந்ததைத் திறக்க முடியாது என்று சட்டமே சொல்லிவிட்டது. அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஆய்வாளர்கள் பார்க்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். சட்டம் வந்த சில மாதங்களிலேயே எங்கள் ஆபீஸ் வாசலில் இரண்டு வகை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரு வகை, தகப்பன்மார். "என் பங்கைப் பசங்க பேருக்கு மட்டும் உயில் எழுதிடுங்க" என்பார்கள். இன்னொரு வகை, அண்ணன் தம்பிகள், பின்னால் தங்கைகள். விடுதலைப் பத்திரம். நான் 1991-ல் எழுதிய அதே வாசகம், பெயரும் சர்வே எண்ணும் மட்டும் வேறு. முன்பு விட்டுக்கொடுத்தது 9-ல் 1 பாகம். இப்போது விட்டுக்கொடுப்பது 3-ல் 1 பாகம். சட்டம் பெரிதாக்கிக் கொடுத்த பங்கை அப்படியே திருப்பி எழுதி வாங்கிக்கொண்டார்கள். கொடுத்தது பழைய புடவைக் கணக்குதான்.

எல்லாரும் அப்படி இல்லை. தங்கைக்கு வாய்க்கால் பக்கத்து வயலை ஒதுக்கி, தானே முன்னின்று பட்டா மாற்றிக் கொடுத்த அண்ணன்களும் உண்டு. "எனக்குப் பணம் வேண்டாம், மண்ணாவே குடு" என்று உறுதியாக நின்று வாங்கிப்போன பெண்கள் உண்டு. 2005-க்கு முன் அப்படிக் கேட்கும் குரலை அந்த வேப்பமரத்தடியில் நான் கேட்டதே இல்லை. லீலா சேத்தின் தாக்கம் என்ன என்று பேத்தி கேட்டாளே, அந்தக் குரல்தான். அது எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இருக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நிலப் பத்திரங்களைப் பதியும் ஒன்றாம் புத்தகத்தில், பாகப்பிரிவினைப் பத்திரங்களில் பெண் பெயர்கள் எந்த வருஷத்திலிருந்து பங்கு வாங்குபவராக வருகின்றன, விடுதலைப் பத்திரங்களில் எத்தனை வருகின்றன என்று பார்த்தால் தெரியும்.

2015-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், 2005 செப்டம்பர் 9-ல் தகப்பனும் உயிரோடு இருந்தால்தான் மகளுக்கு உரிமை என்றது. 2018-ல் இன்னொரு தீர்ப்பு வேறு மாதிரிப் போனது. அந்தக் காலத்தில் எங்களிடம் வந்தவர்களுக்கு என்ன சொல்வது என்றே தெரியாமல் தவித்தோம். 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் முடிவு சொன்னார்கள்: உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் அன்று உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது கணக்கில்லை. கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்திருந்த நான் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பழைய நோட்டில் கணக்குப் போட்டேன். எங்கள் நாலரை ஏக்கரை இந்தச் சட்டப்படி பிரித்தால் ஆளுக்கு ஒன்றரை. அக்காவின் 50 சென்ட்டை விடுதலை வாங்கி, நானும் தம்பியும் ஆளுக்கு 2 ஏக்கர் 25 சென்ட் வைத்திருக்கிறோம். ஆக, என் கையில் அக்காவுடையது 75 சென்ட். தம்பி கையில் 75 சென்ட்.

எங்கள் பத்திரம் 1991-ல் பதிவானது. சட்டப்படி அக்கா கேட்க முடியாது. அது எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. 2021-ல் என் பங்கிலிருந்து 75 சென்ட்டை அக்கா பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்தேன். நான் தொழிலை விட்டிருந்ததால் வேறொருவர் எழுதினார். செக்குபந்தியை மட்டும் நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன்: வடக்கே வாய்க்கால், தெற்கே தம்பியின் நிலம், கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே எனது மீதி நிலம். அக்காவுக்கு அப்போது 72 வயது. பத்திரத்தைக் கையில் வாங்கி விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். "எழுபத்தஞ்சு சென்ட்டு" என்று சத்தமாக வாசித்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் கேட்ட கேள்வியை அவள் மறந்திருக்கவில்லை என்று அப்போது எனக்குத் தெரிந்தது. தம்பி இன்னும் ஒப்பவில்லை. அவன் நியாயம் அவனுக்கு. மூன்று பிள்ளை படிக்கவைத்தவன். நான் சண்டை போடவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இங்கே வாசகர்களுக்கு ஒன்று தெளிவுபடுத்த வேண்டும். பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தகப்பன் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில், அவர் உயில் எழுதாமல் இறந்தால், மகளுக்கு 1956-லிருந்தே சமபங்கு உண்டு. 2005-ல் வந்தது பூர்வீகச் சொத்துக்கான உரிமை. "சட்டம் நேத்துதான் வந்துச்சு, எங்கப்பா செத்து இருபது வருஷமாச்சு" என்று தங்கைகளிடம் சொல்லி வாயடைப்பவர்கள் இரண்டையும் ஒன்றாக்கித்தான் பேசுகிறார்கள்.

லீலா சேத்தின் பணி அந்த அறிக்கையோடு நிற்கவில்லை. 2012 டிசம்பரில் டெல்லியில் நிர்பயா என்று சொல்லப்பட்ட பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி வர்மா குழுவின் மூன்று பேரில் அவரும் ஒருவர். அப்போது 82 வயது. சுமார் 80,000 கருத்துகளைப் பார்த்து 29 நாளில், 2013 ஜனவரி 23 அன்று, அறிக்கை கொடுத்தார்கள். குற்றவியல் சட்டத் திருத்தம் அந்த வருஷமே வந்தது. கணவன் என்பதால் பலாத்காரத்துக்கு விலக்கு இருக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் 2017 மே மாதம் காலமானார். இதைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது மண்ணும் பத்திரமும்.

அந்தத் தொழில் அனுபவத்தில் பதிவுத்துறைக்கும் அரசுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு கோரிக்கை வைக்கிறேன். இன்றைய விடுதலைப் பத்திரத்தில் "பிரிபடாத 3-ல் 1 பாகம்" என்று எழுதுகிறோம். மதிப்புக் கணக்குக்கு அது போதும். கையெழுத்துப் போடும் பெண்ணுக்கு அது போதாது. 3-ல் 1 என்றால் எத்தனை சென்ட், வழிகாட்டி மதிப்பில் எத்தனை ரூபாய், அவள் இன்று கையில் வாங்குவது எவ்வளவு என்று மூன்றையும் எண்ணாலும் எழுத்தாலும், அவள் கையெழுத்துக்கு நேர் மேலே எழுத வேண்டும். சார்பதிவாளர் அதை அவளிடம், அண்ணன் தம்பி பக்கத்தில் இல்லாமல், வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். கேட்ட பிறகும் அவள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் அது அவள் இஷ்டம். பாசத்தில் கொடுப்பதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கட்டும். இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியிருக்காது. ஒரு சுற்றறிக்கை போதும் என்று நினைக்கிறேன். பத்திரம் எழுதும் தம்பிமார்கள் சுற்றறிக்கைக்குக் காத்திராமல் நாளைக்கே செய்யலாம். ஒரு வரி கூடும், அவ்வளவுதான். நான் தொழிலில் இருந்தபோது அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

பேத்தி ஆளை மாற்றவில்லை. கட்டுரையின் இரண்டாம் பாதியை விடுதலைப் பத்திரங்களை வைத்தே எழுதுகிறாள். நான் எழுதிய பத்திரங்களின் குறிப்பு நோட்டுகள், 1978 முதல் 2016 வரை, 31 நோட்டுகள் பரண்மேல் இருக்கின்றன. யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள், என்ன உறவு, எத்தனை ஏக்கர், என்ன கைமாறியது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி. சிலதில் கரையான் ஏறிவிட்டது. பெயர்களை மறைத்து நாங்கள் படியெடுத்து வருகிறோம். 1987 வரை முடிந்திருக்கிறது. இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்யும் மாணவிகள், மாணவர்கள் யாருக்காவது பயன்படும் என்றால் தங்கள் அலுவலகத்துக்கு எழுதட்டும். என் முகவரி தங்களிடம் இருக்கிறது. வந்து பார்க்கலாம், காலை நேரமாக இருந்தால் எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

குடும்ப விஷயம் கலந்திருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
முசிறி வட்டம், திருச்சி மாவட்டம்.